கரண்டு வந்தபின்

குலசேகரத்தில் மத்தியானம் தாண்டினால் இடி.
ஐப்பசி முழுக்க அப்படித்தான்,
ரப்பர் மரமெல்லாம் பிளாஸ்டிக் பாவாடை கட்டி நிற்கிற மாசம்.
பேச்சிப்பாறைப் பக்கம் கறுக்கும்,
ஒரு வெட்டு,
பால் சங்கத்தில் விளக்கு அணையும்.

விளக்கு திரும்ப வரும்.
இரும்பு அலமாரிக்குள் சர்வரும்
தானே விழித்து விசிறி சுற்றும்,
பச்சைப் பொட்டு ஒன்று மினுக்கும்.
அதோடு சரி.
எடை எழுதும் நிரல் மட்டும்
யாராவது தட்டி எழுப்பட்டும் என்று கிடக்கும்.

அந்த யாராவது நான்.

காலை எட்டரைக்கு கெபிஸ்டன் கூப்பிடுவார்:
“பிள்ளே, மெசின் எழும்பிச்சு.
வேலைக்கு எழும்பல்ல.”
அவர் பின்னால் கேன்கள் உரசும் சத்தம்.
மூணு மணிக்கு நெற்றியில் விளக்குக் கட்டி
முந்நூறு மரம் வெட்டியவர்கள்
வெயிலேற வரிசையில் நிற்கிறார்கள்.
பால் நிற்காது.
கேன் ஓரத்தில் கட்டி தட்டத் தொடங்கினால்
விலை பாதி.

ஒருநாள் போனிலேயே சொல்லிப் பார்த்தேன்,
எழுத்து எழுத்தாக.
“இப்போ இடைவெளி விடுங்க.”
“எவ்வளவு? ஒரு விரக்கடை?”
கடைசியில் அனுமதி இல்லை என்றது திரை.
தக்கலையிலிருந்து ஸ்கூட்டரை எடுத்தேன்.
வேர்க்கிளம்பி வளைவில்
முன்னால் ஒரு அன்னாசி லாரி, வழிவிடாமல்.
அத்தனை தூரம் போய்
ஒரே ஒரு வரி அடித்துவிட்டுத் திரும்பினேன்.
பெட்ரோலுக்குச் சங்கம் ரசீது கேட்டது.

தொடங்கு என்பது இந்த நிமிஷத்துக்கான சொல்.
கரண்டு போனால் அந்தச் சொல்லும் போகும்.
நான் சொல்லாமலே விட்டது வேறொரு சொல்:
இனி எப்போது கண் திறந்தாலும்
யாரும் கூப்பிட வேண்டாம், நீயே தொடங்கு.
இரண்டு வருஷமாய் அதைச் செய்யவில்லை என்பதை
யாரிடமும் நான் சொன்னதில்லை.
கெபிஸ்டன் என்னைக் கெட்டிக்காரி என்று
நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து போனேன்.
ஒரு கோப்பு, ஒன்பது வரி.
யார் பெயரில் ஓட வேண்டும்,
எந்த இடத்திலிருந்து,
விழுந்தால் மறுபடி எழ வேண்டும்.
அப்புறம் அந்தச் சொல்.
மெயின் சுவிட்சை நானே இறக்கினேன்.
இருபதுவரை எண்ணி, ஏற்றினேன்.

செத்துக் கிடந்தது.

பதிவைத் திறந்து வாசித்தால், பாவம்,
எழுந்திருக்கிறது.
எழுந்த வேகத்தில் கணக்குகள் இருக்கும் தரவுத்தளத்தைத் தேடியிருக்கிறது.
அது இன்னும் எழும்பவில்லை.
ஒரு நொடிக்குள் ஐந்து தடவை கதவைத் தட்டிவிட்டு
கைவிட்டிருக்கிறது.
நானும் காலையில் அப்படித்தான்,
காப்பிக்கு முன்னால் யாரிடமாவது பேசப் போனால்.

இரண்டு வரி சேர்த்தேன்:
அது எழும்பிய பிறகு நீ.
விழுந்தால் ஐந்து நொடி மூச்சு வாங்கிக்கொள்.

இறக்கி, ஏற்றி, மூன்று தடவை.
நான்காவது தேவையில்லை, ஆனாலும் செய்தேன்.
அமோனியா நெடியடிக்கும் ஆளில்லாத கூடத்தில்
தராசின் சிவப்பு எண்கள்
தாமாக வந்து
சைபரில் நின்றன.

திங்கள் சாயங்காலம் நல்ல இடி.
செவ்வாய் எட்டரைக்கு
ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு
வாசல்படியில் இருந்தேன்.
எட்டே முக்கால்.
ஒன்பது.
பக்கத்து வீட்டுக்காரி எங்கே கிளம்பிட்டே என்றாள்.
எங்கேயும் இல்லை என்றேன்.

ஒன்பதே காலுக்குப் போன் அடித்தது.
“பிள்ளே.”
“என்னாச்சு அண்ணே?”
“ஒண்ணும் ஆவல்ல. ஓடுது.”
பின்னால் கேன் சத்தம்,
யாரோ தன் எடையை உரக்க வாசிக்கிறார்கள்.
“அதச் சொல்லத்தான் விளிச்சேன்.”